அக்காவை ஹிப்னோதெரபிக்கு அனுப்பலாமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். அக்காவுக்கு எட்டு வருடமாக ஐபிஎஸ் (IBS, irritable bowel syndrome) என்னும் குடல் கோளாறு. வயிற்று வலியும் உப்புசமும் விட்டபாடில்லை. மாத்திரைகள், உணவுக் கட்டுப்பாடு எல்லாம் பார்த்தாகிவிட்டது. இப்போது குடல் மருத்துவர் ஹிப்னோதெரபி, அதாவது ஹிப்னாடிச முறைச் சிகிச்சை, செய்து பார்க்கலாம் என்கிறார். "இது அறிவியலா, மேடை வித்தையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு வரியும் சேர்த்திருக்கிறீர்கள்: "மயக்கத்தில் எதையாவது சொல்லிவிடுவாளோ, அவர்கள் சொல்வதற்கெல்லாம் ஆடத் தொடங்கிவிடுவாளோ என்று அம்மாவுக்குப் பயம்." உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பலன் இருக்குமா என்பதைவிட, அந்த நேரத்தில் அக்காவின் மனம் யார் கையில் இருக்கும் என்பதுதான் உங்கள் வீட்டாரை உறுத்துகிறது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் மருத்துவ உளவியலாளர். பத்தொன்பது ஆண்டுகளாக நாள்பட்ட வலி, குடல் கோளாறு, சிகிச்சை பற்றிய பயம் ஆகியவற்றோடு வருபவர்களைப் பார்த்துவருகிறேன். அவர்களில் ஒரு பகுதியினருக்கு ஹிப்னாடிசத்தைப் பயன்படுத்துகிறேன். குடலில் என்ன நோய் என்று கண்டறிவது என் வேலை அல்ல. அதை உங்கள் மருத்துவரே சொல்ல வேண்டும். அவர் முடிவு செய்த பிறகு என்ன நடக்கும் என்பதைத்தான் என்னால் சொல்ல முடியும்.

நம் மொழியில் இதற்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று மனவசியம், இன்னொன்று அறிதுயில். பயம் முழுக்க முதல் பெயரில்தான் குடியிருக்கிறது. வசியம் என்றாலே செய்பவர் ஒருவர், சிக்குபவர் ஒருவர் என்று ஆகிவிடுகிறது. இந்த எண்ணம் நம்மிடம் மட்டும் இருந்ததில்லை. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த முறைக்கு முன்னோடியான ஃபிரான்ஸ் ஆன்டன் மெஸ்மர் என்ற மருத்துவர், தன் உடலிலிருந்து ஒரு காந்தத் திரவம் பாய்ந்து நோயாளிகளைக் குணமாக்குகிறது என்றார். 1784-இல் பிரெஞ்சு அரசர் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தார். பெஞ்சமின் ஃபிராங்க்ளின், வேதியியல் அறிஞர் லவாய்சியே போன்றவர்கள் அதில் இருந்தார்கள். அவர்கள் செய்த சோதனைகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. ஃபிராங்க்ளின் தங்கியிருந்த வீட்டுத் தோட்டத்தில் ஒரே ஒரு மரத்துக்கு மட்டும் 'காந்தம் ஏற்றினார்கள்'. பிறகு ஒரு சிறுவனின் கண்ணைக் கட்டி ஒவ்வொரு மரமாக அழைத்துப்போனார்கள். சிறுவனுக்கு வியர்த்தது, தலை வலித்தது, கடைசியில் மயங்கியே விழுந்தான். ஆனால் விழுந்த இடம் காந்தம் ஏற்றப்படாத ஒரு மரத்தடி. கற்பனை இருந்தால் காந்தம் இல்லாமலே எல்லாம் நடக்கிறது, கற்பனை இல்லாவிட்டால் காந்தத்தால் ஒன்றும் நடக்கவில்லை என்று குழு எழுதியது. மெஸ்மரின் திரவம் அத்தோடு செத்தது. ஆனால் வெறும் எதிர்பார்ப்பு ஒரு சிறுவனை வியர்க்கவைத்து மயங்கவும் வைத்ததே, அது எப்படி என்ற கேள்வியை அன்று பெரும்பாலோர் அப்படியே விட்டுவிட்டார்கள்.

அந்தக் கேள்வியைச் சரியான இடத்தில் தொட்டவர் கோவாவில் பிறந்த ஒரு பாதிரியார், அபே ஃபரியா. 1813 முதல் பாரிஸில் மக்கள் முன்னிலையில் இந்த முறையைச் செய்துகாட்டினார். என்னிடமிருந்து எதுவும் பாய்வதில்லை, எல்லாம் எதிரே உட்காருபவரின் மனத்திலிருந்தே வருகிறது என்பது அவர் சொன்னதன் சாரம். அந்த நிலையை அவர் 'தெளிவுள்ள துயில்' என்ற பொருள்படும் பெயரால் குறித்தார். நம்முடைய 'அறிதுயில்' அதற்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது பாருங்கள். இருநூறு வருட ஆய்வுக்குப் பிறகும் ஃபரியாவின் அந்த நிலைப்பாடு அசையவில்லை. இதில் வேலை செய்யும் திறன் உட்காருபவருடையது. உங்கள் அம்மாவிடம் ஒரே ஒரு செய்தி சொல்ல வேண்டும் என்றால் இதைச் சொல்லுங்கள்.

துயில் என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. ஹிப்னாடிசம் என்ற சொல்லே தூக்கத்துக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 1840-களில் அதைப் பரப்பிய ஜேம்ஸ் பிரெய்ட் என்ற அறுவை மருத்துவரே பிற்பாடு அது பொருந்தவில்லை என்று உணர்ந்து, ஒரே எண்ணத்தில் மனம் குவிதல் என்ற பொருளில் வேறு பெயர் வைக்கப் பார்த்தார். அதற்குள் பழைய பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. மூளை அலைகளைப் பதிவு செய்து பார்த்தால் ஹிப்னாடிசத்தில் இருப்பவர் தூங்கவில்லை என்பது தெளிவு. சொல்வது கேட்கிறது, கேட்டதற்குப் பதில் சொல்ல முடிகிறது, பெரும்பாலோருக்கு நடந்தது முழுவதும் பிறகு நினைவும் இருக்கிறது. முதல் அமர்வு முடிந்ததும் என்னிடம் அதிகம் பேர் சொல்வது, "நான் மயங்கவே இல்லையே, எல்லாம் கேட்டுக்கொண்டுதானே இருந்தது" என்பதுதான். சிலர் இதை ஏமாற்றத்தோடு சொல்கிறார்கள். ஏமாற்றமடைய ஒன்றுமில்லை, அப்படித்தான் இருக்க வேண்டும்.

திறன் உட்காருபவருடையது என்றேன். அதை அளக்கவும் முடியும். 1959-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வைட்சன்ஹோஃபர், எர்னஸ்ட் ஹில்கார்ட் என்ற இருவர் 12 சிறு சோதனைகள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். எளியதிலிருந்து கடினத்துக்குப் போகும். கையை நீட்டுங்கள், அது கனமாகிறது என்பது எளிது. பெரும்பாலோருக்குக் கை இறங்கும். இல்லாத கொசு ஒன்று ரீங்காரமிடுவது இன்னும் சற்றுக் கடினம். பிறகு வந்த வடிவத்தில் உள்ள ஒரு சோதனையை நான் பயிற்சிக் காலத்தில் நேரில் பார்த்தேன். எதிரே மூன்று சிறிய பெட்டிகள் இருக்கும். கண்ணைத் திறந்தால் இரண்டுதான் தெரியும் என்று சொல்லப்படும். என் முன்னால் உட்கார்ந்திருந்த மாணவி கண்ணைத் திறந்து, "இரண்டு" என்றாள். நிறங்களைச் சொல்லச் சொன்னோம். இரண்டு நிறங்களைச் சொல்லிவிட்டு, மூன்றாவது பெட்டி இருந்த இடத்தைப் பார்த்தபடியே சற்று நெற்றியைச் சுருக்கினாள், ஏதோ சரியில்லை என்பதுபோல. அந்த முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவளுக்கு அடுத்து வந்த மாணவர் கண்ணைத் திறந்த உடனே, "மூன்று இருக்கிறதே" என்றார். அறையும் அதே, படித்த வாசகமும் அதே, படித்தவரும் அதே ஆள்.

ஏறக்குறைய பத்தில் ஒருவர், அல்லது அதைவிடச் சற்று அதிகமானோர், அந்த மாணவியைப் போல மிக உயர்ந்த திறன் உள்ளவர்கள். அதே அளவினருக்கு ஏறக்குறைய எதுவும் நடப்பதில்லை. மற்ற அனைவரும் நடுவில். இந்தத் திறன் வயதுவந்த பிறகு அதிகம் மாறுவதில்லை. ஒரே ஆட்களை 25 வருடம் கழித்து மறுபடி அளந்து 1989-இல் வெளியான ஆய்வில், முதல் மதிப்பெண்ணுக்கும் பிந்தைய மதிப்பெண்ணுக்கும் 0.71 என்ற அளவில் தொடர்பு இருந்தது. ஓர் உளவியல் பண்புக்கு இது மிக உறுதியான எண். ஏமாளித்தனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை, மன பலவீனத்துக்கும் தொடர்பில்லை. கதை படிக்கும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் காதில் விழாத அளவுக்கு மூழ்குகிறவர்களிடம் இது சற்று அதிகமாக இருக்கிறது. அந்தத் தொடர்பும்கூட மிதமானதுதான். 2024 ஜனவரியில் ஸ்டான்ஃபோர்டு குழு ஒன்று ஃபைப்ரோமயால்ஜியா என்னும் உடல்வலி நோய் உள்ள 80 பேரின் மூளையின் முன்பகுதியில், மண்டையோட்டுக்கு வெளியிலிருந்து, ஒன்றரை நிமிடம் காந்தத் தூண்டல் கொடுத்து இந்தத் திறனைச் சற்று உயர்த்த முடிந்தது என்று வெளியிட்டது. ஒரு மணி நேரத்தில் அந்த உயர்வு மறைந்துவிட்டது. ஆர்வத்தைத் தூண்டும் ஆய்வு, ஆனால் சிகிச்சை அறைக்கு வர இன்னும் தூரம் இருக்கிறது.

நடிக்கிறார்கள் என்றே வைத்துக்கொண்டால்? இது நியாயமான சந்தேகம். இதை மிகக் கூர்மையாகக் கையாண்டவர் மார்ட்டின் ஓர்ன் என்ற மனநல மருத்துவர். திறன் மிகக் குறைந்தவர்களை அழைத்து, "ஹிப்னாடிசத்தில் இருப்பதுபோல நடியுங்கள், ஆய்வாளரை ஏமாற்றுங்கள்" என்று சொல்லி, உண்மையான உயர்திறனாளர்களோடு கலந்து அனுப்புவார். யார் எந்த வகை என்பது சோதனை செய்பவருக்குத் தெரியாது. 1971-இல் அவரும் ஃபிரடெரிக் எவான்ஸும் வெளியிட்ட ஆய்வில், அமர்வின் நடுவே மின்சாரம் போய்விட்டதுபோல ஓர் ஏற்பாடு. ஒலிநாடா நின்றது, ஆய்வாளர் அறையை விட்டு வெளியே போனார். நடிப்பவர்கள் கதவு மூடியதும் நடிப்பை நிறுத்திவிட்டு, அவர் திரும்பி வரும் சத்தம் கேட்டதும் மறுபடி தொடங்கினார்கள். உண்மையில் ஹிப்னாடிசத்தில் இருந்தவர்கள் அப்படிச் செய்யவில்லை. யாரும் பார்க்கவில்லை என்றாலும் அப்படியே இருந்து, கொஞ்ச நேரத்தில் தாமாகவே மெல்ல வெளியே வந்தார்கள். உங்கள் வீட்டில் கேட்கக்கூடிய இன்னொரு கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது: நடுவில் ஏதாவது ஆகிவிட்டால் அப்படியே மாட்டிக்கொள்வாளா? மாட்டிக்கொள்ள மாட்டாள். தானாகவே வெளியே வந்துவிடுவாள், அல்லது தூங்கி எழுந்துகொள்வாள்.

மூளைப் படங்களும் இதையே சொல்கின்றன. 1997-இல் சயன்ஸ் இதழில் பியர் ரெய்ன்வில் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்கள் 47 டிகிரி வெப்பமுள்ள நீரில் கையை வைத்தார்கள். வலியின் தொந்தரவு குறைகிறது என்று ஒரு முறை, கூடுகிறது என்று ஒரு முறை ஹிப்னாடிசத்தில் சொல்லப்பட்டது. நீரின் சூடு மாறவே இல்லை. தொடு உணர்வைப் பதிவு செய்யும் மூளைப் பகுதியிலும் பெரிய மாற்றமில்லை. வலி 'எவ்வளவு மோசம்' என்பதோடு தொடர்புடைய முன் சிங்குலேட் என்ற பகுதியின் செயல்பாடு மட்டும் சொல்லுக்கு ஏற்ப ஏறி இறங்கியது. நாள்பட்ட வலி உள்ள ஒருவர் நான்காவது அமர்வில் என்னிடம் சொன்னார்: "வலி போகலை. ஆனா அது இப்ப பக்கத்து அறையில இருக்கிற மாதிரி இருக்கு." அந்தப் படத்தை இதைவிடச் சுருக்கமாக என்னால் விளக்க முடியாது.

ஸ்ட்ரூப் சோதனை என்று ஒன்று உண்டு. 'சிவப்பு' என்ற சொல்லைப் பச்சை மையில் அச்சிட்டு, மை என்ன நிறம் என்று கேட்டால், படிக்கத் தெரிந்த யாருக்கும் ஒரு கணம் தடுமாறும். படிப்பதை நிறுத்த நம்மால் முடியாது. அந்தச் சொற்கள் பொருளற்ற அந்நிய எழுத்துகளாகத் தெரியும் என்று உயர்திறனாளர்களிடம் ஹிப்னாடிசத்தில் சொல்லிவைத்தபோது அந்தத் தடுமாற்றம் பெருமளவு குறைந்ததை அமீர் ராஸ் என்ற ஆய்வாளர் 2002-இல் காட்டினார். பிறகு அவரே இன்னொன்றையும் காட்டினார்: முறையான ஹிப்னாடிசச் சடங்கு இல்லாமல் வெறுமனே சொன்னாலும் அதே ஆட்களுக்கு ஏறக்குறைய அதே பலன் கிடைக்கிறது. துறையில் தீராமல் இருக்கும் வழக்கு இங்கேதான் வருகிறது. ஹிப்னாடிசம் என்பது தனியான ஒரு மூளை நிலையா, அல்லது எதிர்பார்ப்பு, கவனம், கற்பனை மூன்றும் சேர்ந்து எல்லோரிடமும் உள்ள ஒரு திறனை எழுப்புவதா? 2017-இல் டேவிட் ஸ்பீகலின் குழு உயர்திறனாளர்களின் மூளையில் கவனம், உடல் உணர்வு ஆகியவற்றின் வலையமைப்புகள் ஹிப்னாடிசத்தின்போது வேறுவிதமாக இணைவதைக் காட்டியது. தனி நிலை என்பவர்கள் அதைச் சான்றாகக் காட்டுகிறார்கள். எதிர்த் தரப்பினர் ராஸின் இரண்டாவது ஆய்வைக் காட்டுகிறார்கள். நான் இரண்டாவது தரப்பின் பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கிறேன். ஆனால் அனுபவம் உண்மை, அது நடிப்பல்ல என்பதில் இன்று இரண்டு தரப்புக்கும் சண்டையில்லை.

இனி அம்மாவின் பயம். கை தானாக எழுவதுபோல உணர்வது நிஜம். ஆனால் 'தானாக' என்பது உணர்வுதானே தவிர, எழுப்புவது அவருடைய மூளையே. விருப்பமில்லாத எதையும் சொல்ல வேண்டியதில்லை. பொய்கூடச் சொல்ல முடியும், பேசாமல் இருக்கவும் முடியும், கண்ணைத் திறந்து எழுந்து போகவும் முடியும். சமூகத்தில் செய்யத் தகாததை ஹிப்னாடிசத்தால் செய்யவைக்க முடியுமா என்று 1965-இல் ஓர்னும் எவான்ஸும் பார்த்தார்கள். அமிலத்தில் கைவிடச் சொல்வதுபோன்ற ஆபத்தான கட்டளைகள். ஹிப்னாடிசத்தில் இருந்தவர்கள் பலர் கீழ்ப்படிந்தார்கள், நடிக்க வந்தவர்களும் கீழ்ப்படிந்தார்கள். ஆய்வகத்தில் தமக்கு ஆபத்து வரவிடமாட்டார்கள் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். அதாவது அங்கே வேலை செய்தது ஹிப்னாடிசத்தின் தனி வலிமை அல்ல, ஆய்வாளர் மீதான நம்பிக்கை. இதை நான் ஆறுதலாக மட்டும் சொல்லவில்லை. நம்பிக்கையைத் தவறாகப் பயன்படுத்துகிறவர் எந்தச் சிகிச்சை அறையிலும் தீங்கு செய்ய முடியும், ஹிப்னாடிசம் இல்லாமலே. எனவே அம்மா கவலைப்பட வேண்டியது முறையைப் பற்றி அல்ல, ஆளைப் பற்றி. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

பலன் இருக்குமா? ஹிப்னாடிசத்தின் மருத்துவப் பயன்களில் மிக நன்றாக ஆராயப்பட்டவற்றில் ஒன்று அக்காவின் நோய்தான். 1984-இல் மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் குழுவினர், எந்தச் சிகிச்சைக்கும் அடங்காத கடுமையான ஐபிஎஸ் நோயாளிகள் 30 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குக் குடலை மையமாக வைத்த ஹிப்னோதெரபி, மறு பாதிக்கு உளவியல் உரையாடலும் வெற்று மாத்திரையும். ஹிப்னோதெரபி பெற்றவர்கள் வலியிலும் உப்புசத்திலும் மலம் கழியும் பழக்கத்திலும் தெளிவாக முந்தினார்கள். லான்செட் இதழில் வந்த அந்தச் சிறிய ஆய்விலிருந்து ஒரு சிகிச்சை மரபே வளர்ந்தது. அதே மருத்துவமனைக் குழு 2003-இல் 204 பேரைப் பின்தொடர்ந்து வெளியிட்டதில் 71 சதவீதத்தினர் முன்னேறியிருந்தார்கள். அவர்களில் 81 சதவீதத்தினருக்குச் சிகிச்சை முடிந்து ஒரு வருடம், சிலருக்குப் பல வருடம் கழித்தும் அந்த முன்னேற்றம் நீடித்தது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் (NICE) என்ற அமைப்பு 2008 முதல், ஒரு வருடம் மருந்து எடுத்தும் அடங்காதவர்களுக்கு இதைப் பரிசீலிக்கலாம் என்கிறது.

இந்த எண்களை அப்படியே அக்காவுக்குப் பொருத்த வேண்டாம். ஒரு சிறப்பு மையம், அனுபவம் வாய்ந்த கைகள், தேடி வந்த நோயாளிகள். நெதர்லாந்தில் 354 பேரைக் கொண்டு பல மருத்துவமனைகளில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வே அன்றாட நிலைமைக்கு நெருக்கமானது. மூன்று மாதத்தில் போதுமான நிவாரணம் கிடைத்ததாகச் சொன்னவர்கள், தனி ஹிப்னோதெரபியில் 41 சதவீதம், குழு ஹிப்னோதெரபியில் 33 சதவீதம், நோய் பற்றிய விளக்கமும் ஆதரவும் மட்டும் பெற்றவர்களில் 17 சதவீதம். இரண்டு மடங்கு அளவு என்பது உண்மை. பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் போதவில்லை என்பதும் உண்மை. இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். எந்த ஹிப்னாடிச ஆய்விலும், தான் எதைப் பெறுகிறோம் என்பதை நோயாளியிடம் மறைக்க முடியாது. மாத்திரை ஆய்வுகளில் உள்ள அந்தப் பாதுகாப்பு இங்கே இல்லை. எவ்வளவு பங்கு எதிர்பார்ப்பால் வந்தது என்று பிரித்தெடுப்பது அதனால் கடினம். என் பார்வையில் எதிர்பார்ப்பும் இந்தச் சிகிச்சையின் ஒரு பாகம்தான். ஆனால் அது என் கருத்து, அளந்த முடிவு அல்ல.

அமர்வில் என்ன நடக்கும் என்று தெரிந்தால் பயம் பாதி போய்விடும். வழக்கமாக 7 முதல் 12 அமர்வுகள், வாரம் ஒன்று. முதல் அமர்வில் பெரும்பாலும் பேச்சுதான்: குடலும் மூளையும் எப்படிப் பேசிக்கொள்கின்றன, ஐபிஎஸ்ஸில் சாதாரண அசைவைக்கூட மூளை ஏன் வலியாகப் படிக்கிறது என்பதெல்லாம். பிறகு நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, மூச்சைக் கவனித்து, தோளிலிருந்து கால்வரை தளர விடுவது. பிறகு தன் உள்ளங்கையை வயிற்றின் மேல் வைக்கச் சொல்வோம். அந்தக் கையில் இளஞ்சூடு கூடுகிறது, சூடு உள்ளே இறங்குகிறது. ஓர் ஆற்றைக் கற்பனை செய்யச் சொல்வோம். வயிற்றுப்போக்கு உள்ளவருக்குச் சுழித்து ஓடும் வெள்ளம் நிதானமாவது, மலச்சிக்கல் உள்ளவருக்குத் தேங்கிய நீர் மெல்ல நகர்வது. என்னிடம் வந்த ஓர் ஆசிரியைக்கு ஆறு பிடிக்கவில்லை, சிறுவயதில் தண்ணீரில் பயந்தவர். அவரே வேறொன்றைக் கொண்டுவந்தார்: பின்னலில் விழுந்த சிக்கை ஒவ்வொரு இழையாக எடுப்பது. அதை வைத்தே ஒன்பது வாரம் போனோம். ஆறாவது வாரம் வரை பெரிய மாற்றமில்லை. ஏழாவது வாரம், கழிப்பறை எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே விசாரிக்காமல் ஒரு பயணம் போய்வந்ததாகச் சொன்னார். வலி முழுதாகப் போகவில்லை. வீட்டில் தினமும் ஒலிப்பதிவைக் கேட்டுப் பயிற்சி செய்ததுதான் அதிக வேலை செய்தது என்பது என் எண்ணம். வயிற்று வலி உள்ள 260 குழந்தைகளை வைத்து 2017-இல் வெளியான நெதர்லாந்து ஆய்விலும், வீட்டில் ஒலிப்பதிவைக் கேட்டுச் செய்தவர்கள் நேரில் வந்தவர்களுக்குப் பெரிதாகப் பின்தங்கவில்லை.

குடலுக்கு வெளியே உள்ள பயன்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செயற்கையாக வலி உண்டாக்கிச் செய்த 85 ஆய்வுகளைத் திரட்டிய 2019-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வில், வலி குறைய வேண்டும் என்று நேரடியாகச் சொல்லப்பட்டபோது உயர்திறனாளர்களுக்கு 42 சதவீதமும் நடுத்தரத் திறன் உள்ளவர்களுக்கு 29 சதவீதமும் வலி குறைந்தது. மாதவிடாய் நின்ற பிறகு வரும் உடல் வெப்ப அலைகளுக்கு, 187 பெண்களை வைத்து 2013-இல் வெளியான ஆய்வு நல்ல பலனைக் காட்டியது. மயக்க மருந்து வருவதற்குச் சற்று முன் வங்காளத்தில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற மருத்துவர் இந்த முறையில் பெரிய கட்டிகளை அறுத்து எடுத்தார். இன்று பெல்ஜியத்தின் லீஜ் நகரில், உள்ளூர் மரப்பு மருந்தோடும் லேசான அமைதிப்படுத்தும் மருந்தோடும் சேர்த்து தைராய்டு அறுவைகள் வரை செய்கிறார்கள். மருந்துக்குப் பதிலாக அல்ல, மருந்தோடு சேர்த்து. இந்த வித்தியாசம் முக்கியம். எல்லா ஆய்வும் சாதகமில்லை. மார்பக அறுவைக்கு முன் 15 நிமிட ஹிப்னாடிசம் கொடுத்த 200 பேர் கொண்ட அமெரிக்க ஆய்வு, 2007-இல், வலியும் குமட்டலும் குறைந்ததாகக் காட்டியது. 2018-இல் வந்த பிரெஞ்சு ஆய்வில் அறுவைக்குப் பிந்தைய வலியில் அந்தப் பலன் தெரியவில்லை. புகைப்பழக்கத்தை விடுவதற்கு இது மற்ற முறைகளைவிட மேல் என்பதற்குப் போதிய சான்றில்லை என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, 14 ஆய்வுகளைப் பரிசீலித்த தன் அறிக்கையில் 2019-இல் சொன்னது. ஒரே அமர்வில் சிகரெட்டை மறக்கச் செய்கிறோம் என்பவர்களிடம் அந்த அறிக்கையைக் காட்டலாம்.

ஒரே ஓர் இடத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை: நினைவைத் தோண்ட ஹிப்னாடிசத்தைப் பயன்படுத்தக் கூடாது. 1983-இல் லாரன்ஸ், பெர்ரி என்ற இருவர், உயர்திறன் உள்ள 27 பேரிடம் ஒரு குறிப்பிட்ட இரவைப் பற்றிக் கேட்டார்கள். யாரும் அன்று சத்தம் கேட்டு விழித்ததாகச் சொல்லவில்லை. பிறகு ஹிப்னாடிசத்தில் அந்த இரவுக்கே அழைத்துப்போய், ஏதோ பெரிய சத்தம் கேட்டதா என்று விதைத்தார்கள். வெளியே வந்த பிறகு 13 பேர் அந்தச் சத்தத்தை நிஜமாகக் கேட்டதாகச் சொன்னார்கள். அதே ஆண்டில் வந்த இன்னோர் ஆய்வில், முன்பு பார்த்த படங்களை ஹிப்னாடிசத்தில் அதிகம் நினைவுகூர்ந்தவர்கள் அதிகத் தவறுகளையும் நினைவாகச் சொன்னார்கள், முழு உறுதியோடு. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் குழு 1985-இல் இதை எச்சரித்தது. அங்கே பல நீதிமன்றங்கள் இப்படிக் கிடைத்த சாட்சியத்துக்குத் தடையோ கடும் நிபந்தனையோ விதித்தன. முற்பிறவிக்கு அழைத்துப்போவதும் இதே கணக்குதான். நிக்கலஸ் ஸ்பானோஸின் ஆய்வுகளில் முற்பிறவிக் கதைகள், முன்கூட்டி என்ன எதிர்பார்க்கச் சொன்னார்களோ அதற்கேற்ப மாறின. ஆகவே அக்காவின் வயிற்று வலிக்குச் சிறுவயதில் புதைந்த ஏதோ ஒரு சம்பவம் காரணம், அதைத் தோண்டி எடுக்கலாம் என்று யாராவது சொன்னால், அன்றோடு போவதை நிறுத்திவிடுங்கள். இல்லாத ஒரு நினைவோடு அவர் வாழ்நாள் முழுக்க வாழ நேரலாம், குடும்பத்தில் யாரோ ஒருவர் அதற்குப் பழி சுமக்கவும் நேரலாம். அப்படி உடைந்த ஒரு வீட்டை நான் பார்த்திருக்கிறேன்.

ஆளைத் தேர்ந்தெடுப்பது எப்படி? ஹிப்னாடிசம் தெரியாமலேயே இந்த நோயைக் கையாளத் தகுதியும் உரிமமும் உள்ளவராக இருக்க வேண்டும். மருத்துவர், மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், இப்படி. ஹிப்னாடிசம் மட்டுமே தெரிந்தவரிடம் வேண்டாம். ஐபிஎஸ் நோயாளிகளை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறீர்கள், எத்தனை அமர்வு, எப்போது இது பலிக்கவில்லை என்று முடிவு செய்வீர்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குத் தடுமாறுபவரிடம் போக வேண்டாம். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, குடும்பத்தில் குடல் புற்றுநோய் இவற்றில் ஏதாவது இருந்தால் ஹிப்னோதெரபிக்கு முன் குடல் மருத்துவரிடம் மறுபடி போக வேண்டும். காரணம் தெரியாத வலியைத் தணிப்பது நோயை மறைத்துவிடக்கூடும். அக்காவுக்கு எப்போதாவது மனச்சிதைவு போன்ற கடுமையான மனநோய் இருந்திருந்தால் அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். அந்த நிலையில் நான் இந்த முறையைத் தொடுவதில்லை. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் சற்றுத் தலைவலி, மந்தம், சில நேரம் எதிர்பாராத அழுகை, அவ்வளவுதான்.

முதல் அமர்வுக்கு அம்மாவையும் கூட்டிப்போங்கள், அக்காவுக்குச் சம்மதமென்றால். நல்ல சிகிச்சையாளர் யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். அமர்வை ஒலிப்பதிவு செய்து தரச் சொல்லுங்கள், வீட்டுப் பயிற்சிக்கும் அது வேண்டும். ஏற்கெனவே எடுக்கும் மருந்தைத் தானாக நிறுத்த வேண்டாம். வலி, உப்புசம், மலம் கழிதல் மூன்றையும் பூஜ்யத்திலிருந்து பத்து வரை மதிப்பிட்டு இன்றிலிருந்தே ஒரு நோட்டில் தினமும் எழுதிவரச் சொல்லுங்கள். எட்டாவது வாரத்தில் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போய், தொடர்வதா வேண்டாமா என்று சிகிச்சையாளரோடு உட்கார்ந்து அக்காவே முடிவு செய்யட்டும்.